ஒன்றாம் நம்பர் நூல்

என் மருமகள் திருப்பூரிலிருந்து ஒரு கோணிப்பை நிறைய நூல் உருண்டைகளைக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினாள். ஒன்றில்கூட லேபிள் இல்லை. கிலோக் கணக்கில் வாங்கியதாம். விற்றவன் எல்லாமே எக்ஸ்போர்ட் மிச்சம் என்றானாம். திருப்பூரில் கிழிந்த துணிக்கும் எக்ஸ்போர்ட் மிச்சம் என்றுதான் பெயர். எத்தனை இழை முறுக்கியது, எவ்வளவு தடிமன் என்று இவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. என்னவென்று தெரியாத சரக்கை ஒருவன் விற்பதும், என்னவென்று தெரியாமலே அதை ஒருத்தி சிரித்த முகத்தோடு வாங்கி வருவதும் இப்போது பெரிய வியாபாரம் ஆகிவிட்டது.

நான் இருபத்தேழு வருடம் கோயம்புத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லின் டெஸ்டிங் ரூமில் வேலை பார்த்தவள். நூற்று இருபது கெஜம் நூலைச் சுற்றி எடுத்துத் தராசில் வைப்பதுதான் வேலை. எடை குறைந்தால் நூல் சன்னம், நம்பர் கூடும். எடை கூடினால் நூல் தடி, நம்பர் குறையும். நாற்பதாம் நம்பர் சட்டைத் துணிக்குப் போகும். நூறாம் நம்பர் விலையுயர்ந்த சேலைக்குப் போகும். பத்துக்குக் கீழே வந்தால் ஜமுக்காளத்துக்கும் தரை துடைக்கிற துணிக்கும்தான். நம்பர் ஏற ஏற நூல் சன்னம் என்பது எங்கள் ஒண்டிப்புதூரில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் தெரியும். இந்த வட்டாரத்தில் யாரிடமும் அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மருமகள் பகலெல்லாம் வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் வேலை பார்ப்பாள். சாயங்காலம் லேப்டாப்பை மூடிவிட்டுக் குரோஷே ஊசியை எடுப்பாள். அந்தக் கொக்கி ஊசியை வைத்துக்கொண்டு இரண்டு வருடத்தில் அவள் உருவாக்கியவற்றைச் சொல்கிறேன்: ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு ஓர் உறை, டிவி ரிமோட்டுக்கு ஒரு சட்டை, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு ஸ்வெட்டர், வண்டிச் சாவியில் தொங்கவிட ஒரு பச்சைத் தவளை. மனிதர்களே ஸ்வெட்டர் போடத் தேவையில்லாத ஊரில் பாட்டிலுக்கு ஸ்வெட்டர். என் மகன் அந்தத் தவளையைச் சாவியில் மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறான். எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லாத நல்ல பிள்ளையாக அவனை வளர்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் அவளுக்குக் கற்றுக்கொடுப்பவள் போனில் வருகிற ஒருத்தி. எந்த ஊர்க்காரி என்று தெரியாது. பத்து விரலிலும் நீளமாக நகம் வளர்த்துக்கொண்டு இங்கிலீஷில் பேசுவாள். அவ்வளவு நீள நகத்தோடு நூலைத் தொடுகிறவளை எங்கள் மில்லில் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். நூலின் தடிமனுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'வெயிட்'. ஆனால் எடை போடுவதே இல்லை. லேபிள் இல்லாத நூலா, ஒரு ஸ்கேலை எடு, அதன்மேல் நூலை வரிசையாகச் சுற்று, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை சுற்று அடங்குகிறது என்று எண்ணு, அதுதான் வெயிட் என்கிறாள். பூஜ்யத்திலிருந்து ஏழு வரை நம்பர் கொடுக்கிறாள். இழுத்துச் சுற்றினால் பதினெட்டு வரும், தளர விட்டால் பன்னிரண்டு வரும். இதற்கு எதற்கு ஸ்கேல்? கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லிவிட்டுப் போகலாம்.

இந்தத் தமாஷெல்லாம் தவளையோடும் பாட்டிலோடும் நின்றிருந்தால் நான் என் பாட்டுக்குச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அன்னூரில் இருக்கும் சம்பந்தியம்மாவுக்காக, அதாவது மருமகளின் அம்மாவுக்காக, ஒரு தொப்பி பின்ன வேண்டியதாகிவிட்டது.

சம்பந்தியம்மாவைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. கல்யாணப் பேச்சு நடந்தபோது நாங்கள் என்ன சொன்னாலும் "ஆகட்டுங்க" என்றார். மண்டபம் கோயம்புத்தூரில்தான் என்றோம், ஆகட்டுங்க. சமையல்காரர் எங்கள் ஆள் என்றோம், ஆகட்டுங்க. அவர் வீட்டில் முதல் தடவை சாப்பிட்டபோது குழம்பில் உப்புக் கம்மி என்று சொன்னேன், அதற்கும் ஆகட்டுங்க என்றார். தோட்டம், கிணறு, நாலு மாடு, பாக்குமரம் எல்லாம் இருக்கிற குடும்பம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும்? பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை வீட்டாரிடம் குறை சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனாலும் அதை இவ்வளவு சிரத்தையாகக் கடைப்பிடிக்கிற ஒருவரை நான் பார்த்ததில்லை. வாயில் மாற்றுப் பேச்சே இல்லாதவர்களிடம் எனக்கு மரியாதை வருவதில்லை. வந்திருக்க வேண்டும் என்று அப்போது தோன்றவும் இல்லை.

போன வருடம் அவருக்கு மார்பில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். கோயம்புத்தூரிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு இருபத்தோரு நாளைக்கு ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள். இரண்டாவது தடவை ஏற்றியதும் முடி மொத்தமும் உதிர்ந்துவிட்டது. போனில் விசாரித்தேன். "போகட்டுங்க" என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் இளைய பெண்ணுக்கு, அதாவது என் மருமகளின் தங்கைக்கு, நல்ல இடம் அமைந்தது. ஒரு மாதத்தில் நிச்சயதார்த்தம், அன்னூர் வீட்டிலேயே. அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக சம்பந்தியம்மா ஒரு விஷயத்தில் பிடிவாதம் பிடித்தார். மொட்டைத் தலையோடு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வந்து உட்கார மாட்டேன், உள்ளறையிலேயே இருந்துகொள்கிறேன், சின்னம்மா முறையில் யாராவது உட்கார்ந்து, சம்பந்தத்தை உறுதி செய்கிற உப்புச்சக்கரையை மாற்றிக்கொள்ளட்டும் என்றார். டோப்பா வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை, முள்ளாகக் குத்துகிறது என்று கழற்றிவிட்டார். மருந்து ஏறிய உடம்புக்குத் தலைத்தோல் அப்படி ஆகிவிடுமாம், தலையணை உறை பட்டாலே எரியுமாம். முந்தானையைத் தலையில் போட்டால் வழுக்கிக்கொண்டு விழுகிறது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெற்ற தாய் உள்ளறையில் ஒளிந்திருக்க மகளுக்கு நிச்சயமா என்று என் மருமகள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், மெத்தென்று ஒரு பருத்தித் தொப்பி பின்னுகிறேன் என்றாள்.

போன்காரி அதற்கும் ஒரு வீடியோ வைத்திருந்தாள். முடி போனவர்களுக்கான தொப்பி. அதற்கு ஒன்றாம் நம்பர் நூல் வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மருமகள் கூடத்தில் உட்கார்ந்து உருண்டைகளைப் பரப்பிக்கொண்டு ஸ்கேலில் சுற்றினாள். நாக்கை உதட்டோரம் நீட்டிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி எண்ணினாள். சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு சன்ன நூல், அங்குலத்துக்குப் பதினைந்து சுற்று. சந்தன நிறத்தில் ஒரு தடி நூல், எட்டுச் சுற்று. இரண்டுமே நல்ல பருத்தி, அதில் சந்தேகமில்லை. அவள் நீல நூலை எடுத்துத் தனியாக வைத்தாள். பதினாலுக்கு மேல் வந்தால் ஒன்றாம் நம்பர் என்றாள்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஸ்கேலை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலிகள் இரண்டை முதுகுக்கு முதுகாகத் திருப்பிப் போட்டேன். டெய்லர் டேப்பை வைத்து, ஒரு சுற்றுக்குச் சரியாக ஒன்றரை கெஜம் வருகிற மாதிரி நகர்த்தினேன். எண்பது சுற்றுச் சுற்றினால் நூற்று இருபது கெஜம். மில்லில் இதற்கு மிஷின் உண்டு, கைப்பிடியைத் திருப்பினால் போதும். இங்கே நானே நாற்காலிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மகன் எட்டிப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனான். எடை போடுவதற்கு, மருமகள் கேக் செய்யப் போகிறேன் என்று வாங்கி இரண்டு தடவை மட்டும் உபயோகித்த தராசு இருந்தது. நூற்று இருபது கெஜம் அறுபத்தைந்து கிராம் எடை வந்தால் கவுண்ட், அதாவது நூலின் நம்பர், ஒன்று. அதைவிட எத்தனை மடங்கு குறைகிறதோ அத்தனை நம்பர் ஏறும். சந்தன நூல் சொல்லி வைத்ததுபோல அறுபத்தைந்து காட்டியது. நீல நூல் இருபத்தாறுதான்.

தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துச் சீட்டு எழுதினேன். சந்தன உருண்டையில் 1 என்று கட்டினேன். நீல உருண்டையில் 2½ என்று கட்டினேன். டெஸ்டிங் ரூமை விட்டு வந்து ஆறு வருடம் ஆகியும் கை மறக்கவில்லை என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். மருமகளைக் கூப்பிட்டு, இதோ உன் ஒன்றாம் நம்பர் என்று சந்தன உருண்டையை மடியில் வைத்தேன்.

அவள் அதைக் கையில் வைத்து அமுக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்கத்தை, அவங்க கணக்குல ஒண்ணுன்னா சன்னமுங்க. நம்பர் ஏற ஏறத்தான் மொத்தமாகுமுங்க."

"நூலுக்கு எந்த ஊருல கண்ணு அப்படி ஒரு கணக்கு? நம்பர் ஏறுனா நூல் சன்னமாகும். அத மாத்தறதுக்கு அவ யாரு?"

தலைமேல் வைப்பது மெல்லிசாக இருந்தால் தேவலை என்று இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். சன்ன நூலில் பின்னினால் ஓட்டை வழியாக மொட்டைத் தலை தெரியும், அதற்குத் தொப்பி போடாமலே இருந்துவிடலாமே என்று கேட்டேன். நூல் மில்லே இல்லாத ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு நகம் வளர்க்கிறவள் சொல்வதா, இருபத்தேழு வருடம் நூலை எடை போட்டவள் சொல்வதா, நீயே யோசித்துக்கொள் என்றேன். யோசிப்பதற்கு நான் இடம் கொடுத்த மாதிரி அது காதில் விழுந்திருக்காது. "சரீங்கத்தை" என்றாள்.

இரண்டே சாயங்காலத்தில் தொப்பி முடிந்துவிட்டது. பார்த்தாயா, சரியான நூல் என்றால் வேலை இப்படி ஓடும், அந்த நீலத்தை எடுத்திருந்தால் பத்து நாள் இழுத்திருக்கும் என்றேன். அதற்கும் ஒரு சரீங்கத்தை. பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் அவள் தன் அறைக்குள் உட்கார்ந்து எதையோ பின்னிக்கொண்டே இருந்தாள். இன்னொரு தவளை என்று நினைத்துக்கொண்டேன்.

தொப்பியைக் கொரியரில் அனுப்புகிறேன் என்றாள். நான் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போகிற பொருள் முறையோடு போக வேண்டும் என்று தட்டில் வெற்றிலை, பழம், பூவோடு தொப்பியையும் வைத்து அடுத்த ஞாயிறு அன்னூருக்கு நானே எடுத்துப் போனேன். சம்பந்தியம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து என் கையாலேயே மாட்டிவிட்டேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. இறுக்கமாக இருந்தால்தான் நழுவாது. குத்துதுங்களா என்று நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே "இல்லீங்க, ரொம்ப நல்லாருக்குதுங்க" என்று பதில் வந்துவிட்டது. நிச்சயத்தன்று எல்லார் முன்னாலும் வந்து உட்காருவீர்களா என்று கேட்டேன். "ஆகட்டுங்க" என்றார். அன்றைக்கு அந்த ஆகட்டுங்க எனக்குப் பிடித்திருந்தது. ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் நூலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். மகன் காரை ஓட்டினான், மருமகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நிச்சயதார்த்தத்தன்று நல்ல வெயில். வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள், அதற்குக் கீழே காற்று அசையவே இல்லை. சம்பந்தியம்மா பட்டுச் சேலை கட்டி, சந்தன நிறத் தொப்பியோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். தொப்பியின் ஓரத்தில் மருமகள் நாலு மல்லிகையைச் செருகிவிட்டிருந்தாள். உப்பையும் சர்க்கரையையும் அவர் கையாலேயே வாங்கினார், கொடுத்தார். இளைய பெண் அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். வந்த ஒறம்பரை சொந்தபந்தமெல்லாம் தொப்பியைப் பற்றித்தான் பேசினார்கள், இதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். மருமகள் பின்னியது, நூல் நான் பார்த்துக் கொடுத்தது என்று ஒருவர் விடாமல் சொன்னேன். புது மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர் தெரியாத்தனமாக, நூலில் அப்படி என்னங்க பார்க்கணும் என்று கேட்டுவிட்டார். அவருக்குக் கால் மணி நேரம் கவுண்ட் கணக்கை விளக்கினேன். போன்காரியின் ஸ்கேலைப் பற்றியும் சொல்லிச் சிரித்தேன். அவர் அப்படீங்களா, அப்படீங்களா என்றபடி பந்திக்குப் போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தியம்மா அடிக்கடி காதுக்கு மேலே ஒரு விரலைத் தொப்பிக்குள் விட்டுக் கொஞ்சம் தூக்கி, மறுபடி கீழே இறக்கிக்கொண்டிருந்தார். கன்னத்தோரம் வியர்வை இறங்கியது. நாலு பேர் பார்க்க உட்கார்ந்தால் இவருக்குப் படபடப்பு வந்துவிடும், ஒரு சபையில் நிமிர்ந்து உட்காரத் தெரியாது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, பக்கத்தில் போய்க் காதோடு சொல்லவும் செய்தேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு முழுசாக ஒன்றரை மணி நேரம் அந்தக் கையை அவர் தூக்கவே இல்லை.

சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு, உள்ளறையில் வைத்திருந்த என் கைப்பையை எடுக்கப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. சம்பந்தியம்மா கட்டிலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சந்தனத் தொப்பி பக்கத்தில் கிடந்தது. மருமகள் பின்னால் மண்டியிட்டு, விரல் நுனியில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு அவர் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். தேய்க்கவில்லை, ஒவ்வோர் இடமாக ஒற்றி எடுத்தாள்.

அந்த வெறும் தலையில் தொப்பி அப்படியே பதிந்திருந்தது. உச்சியிலிருந்து நெற்றி வரை, பின்னல் ஒவ்வொன்றும் சிவப்பாக, வரிசை வரிசையாக, ஒரு கண்ணிகூடத் தப்பாமல். காதுக்கு மேலே ஓரம் அழுத்திய இடத்தில் தோல் வழண்டு ஈரமாக இருந்தது. இருபத்தேழு வருடப் பழக்கம், நான் கேட்காமலே என் கண் எண்ணிவிட்டது. ஓர் அங்குலத்துக்கு மூன்றரைக் கண்ணி. ஸ்கேல் தேவைப்படவில்லை.

மருமகளின் மடியில் இன்னொரு தொப்பி இருந்தது. சாம்பல் கலந்த நீலம், வெங்காயத் தோல் போல மெல்லிசு. அது புதுசு இல்லை. தினமும் போட்டுத் தினமும் அலசிக் காயவைத்துத் தளர்ந்து மெத்தென்று ஆகியிருந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் அறைக்குள் உட்கார்ந்து அவள் பின்னியது தவளை இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் நம்பர் போட்ட நூலை எனக்காகவும், அவள் ஸ்கேலில் எண்ணிய நூலை அவள் அம்மாவுக்காகவும் பின்னியிருக்கிறாள்.

ஏதோ சத்தம் கேட்டு சம்பந்தியம்மா திரும்பினார். என்னைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், கையை நீட்டிக் கட்டிலில் கிடந்த சந்தனத் தொப்பியை எடுத்து, எண்ணெய் வைத்த தலையில் அப்படியே இழுத்து மாட்டிக்கொண்டதுதான். காதுக்கு மேலே இழுக்கும்போது கண்ணை ஒருதரம் இறுக்கி மூடித் திறந்தார். பிறகு சிரித்தார்.

"வாங்க சம்பந்தி. சும்மா காத்தாடட்டும்னு எடுத்தேனுங்க."

என் பார்வை நீலத் தொப்பியிலேயே இருந்ததால் அவரே சொன்னார். "அது ஊட்டுல வேலை செய்யறப்பப் போட்டுக்கறதுங்க. நல்லது பொல்லதுக்கெல்லாம் இதுதானுங்க."

மருமகளைப் பார்த்தேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கிறபோதே அது எவ்வளவு அபத்தமான கேள்வி என்று தெரிந்தது.

"சொன்னேனுங்களே அத்தை," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

சம்பந்தியம்மா பக்கத்தில் போய், அதைக் கழற்றிவிடுங்கள் என்றேன். இருக்கட்டுங்க என்றார். தலை புண்ணாகியிருக்கிறது, கழற்றுங்கள் என்றேன். "நீங்க பாத்துப் பாத்துக் குடுத்ததுங்க, கழட்டி வெக்க மனசு வருங்களா," என்றார். எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து அவர் நெற்றியில் வழிந்தது. நானே கையை நீட்டிக் கழற்றிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அந்தத் தலையில் கை வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. மாட்டிவிட்டதும் இதே கைதான்.

அசிங்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். என் கவுண்ட் தப்பு இல்லை, இன்றைக்கும் சொல்வேன், அந்தச் சந்தன நூல் ஒன்றாம் நம்பர்தான். கொண்டுபோய் எந்த மில்லில் வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம். ஆனால் போன்காரி கேட்ட ஒன்று அது இல்லை. உலகத்தில் யாரோ வேறு மாதிரி எண்ணக்கூடும் என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு நிமிடம் பிடித்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை. டெஸ்டிங் ரூமில் நான் சொன்ன நம்பரை யாரும் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. அது என் திறமை என்று ஓய்வு பெறும் வரை நினைத்திருந்தேன். அவர்களும் என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தடவை சுற்றி எடை போட்டுக்கொண்டார்களோ என்னவோ. மாற்றுப் பேச்சு இல்லாதவர் என்று நான் இளக்காரமாக நினைத்த பெண்மணி, நான் இருந்த மூன்று மணி நேரமும் என் கர்வத்தைத் தன் தலையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அதுவும் நிமிர்ந்து உட்கார்ந்து.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நான் அந்த வீட்டில் இருக்கும்வரை அவர் அதைக் கழற்ற மாட்டார். நான் அழுதாலும் மன்னிப்புக் கேட்டாலும் கழற்ற மாட்டார், அப்போது இன்னும் இறுக்கமாக இழுத்து விட்டுக்கொள்வார். அவர் வளர்ந்த விதம் அப்படி. மாலைப் பலகாரமும் காப்பியும் முடிந்து, எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, பொழுது சாயத்தான் நாங்கள் கிளம்புவதாக இருந்தோம். அதற்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.

கைப்பையை எடுத்துக்கொண்டேன். தலை வலிக்கிறது, நான் முன்னால் பஸ்ஸில் போகிறேன், நீங்கள் இருந்து முடித்துவிட்டு வாருங்கள் என்றேன். சம்பந்தியம்மா பதறி எழுந்தார். பலகாரம் ஆகிக்கொண்டிருக்கிறது, பந்தலில் வந்து சற்று உட்காருங்கள், பெரிய மாப்பிள்ளை காரிலேயே கொண்டுபோய் விடுவார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் விருந்துக்கு வந்தவர்களை மூன்று தடவையாவது இருங்கள் என்று சொல்லாமல் விட மாட்டார்கள். வாசல் வரை ஒரு தடவை, கேட் வரை ஒரு தடவை, வண்டி ஏறிய பிறகும் ஒரு தடவை. என் மருமகளும் அதே வீட்டில் வளர்ந்தவள்தான். கேஸ் ரசீது கொடுக்க வருகிறவரைக்கூட, காப்பி குடிச்சுட்டுப் போலாமுங்க என்று நிறுத்தி வைப்பாள். எனக்கு எரிச்சல் வரும்.

அவள் என் பின்னாலேயே கேட் வரை வந்தாள். கையில் அந்த நீலத் தொப்பி இருந்தது, கீழே வைக்க மறந்திருந்தாள். நான் செருப்பை மாட்டும் வரை நின்றாள். காந்திபுரம் பஸ் ஐந்து நிமிடத்தில் வரும் என்று மட்டும் சொன்னாள். இருங்கத்தை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் ரோட்டைக் கடந்து திரும்பிப் பார்ப்பதற்குள், அவள் உள்ளறையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.